விளக்கு கூட எரியுது

1944 ஜூன் 14, புதன்கிழமை, இரவு ஒன்பதரை மணி. இது தோக்கியோ நேரம். ஜப்பானியர் பினாங்குக் கடிகாரங்களை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள். வானத்தின் கணக்கில் அப்போது எட்டு மணிதான். சாயங்காலம் பெய்த மழை ஓய்ந்திருந்தது. காற்று இல்லை. தெருச் சாக்கடையில் தண்ணீர் ஓடும் சத்தம் மாடிவரை கேட்டது. அந்த நேரத்தில் எங்கள் மேசைக்கு மேல் தொங்கிய ஒற்றை விளக்கு, யாரும் தொடாமலே, திடீரென்று அதிக வெளிச்சத்தோடு எரியத் தொடங்கியது.

என் மனைவி தைத்துக்கொண்டிருந்த சட்டையைக் கீழே வைத்தாள்.

"இஞ்ச பாருங்கோ, விளக்கு கூட எரியுது."

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அது என் பழக்கம். எது நடந்தாலும் முதலில் நேரத்தைக் குறித்துக்கொள்வேன். பதினைந்து நிமிடம் கழித்து விளக்கு தானாகவே பழையபடி அடங்கியது. மின்சார நிலையத்தில் ஏதோ கோளாறு என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டேன். தூக்கம் வரவில்லை.

அந்த விளக்கின் கதையைச் சொன்னால்தான் அந்த வெளிச்சம் ஏன் என்னைத் தூங்கவிடவில்லை என்பது புரியும்.

நாங்கள் குயின் தெருவில் ஒரு கடைவீட்டின் மாடியில் குடியிருந்தோம். கீழே இருந்த துணிக்கடை சண்டை தொடங்கிய வாரமே மூடப்பட்டுவிட்டது. என் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வேயில் கிளார்க்காக இருந்தவர். நான் நகராட்சி அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தேன். ஒரே சுவருக்கு அந்தப் பக்கம், அடுத்த மாடியில், ஒரு அண்ணனும் அவர் மனைவி அக்காவும் இருந்தார்கள். உறவு இல்லை, அப்படிக் கூப்பிடுவோம். அவர்கள் தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடும்பம். அண்ணன் துறைமுகக் கிடங்கில் சரக்கு எண்ணும் கிராணி. மலாயாவில் கிளார்க் எல்லாரையும் கிராணி என்றுதான் கூப்பிடுவார்கள். அவர்களுக்கு ஒரே மகன். முந்திய ஆண்டு இந்தியாவை விடுவிக்கப் போகிறோம் என்று ஆள் சேர்த்த படையில் சேர்ந்து பர்மாவுக்குப் போய்விட்டான். போன புதிதில் இரண்டு கடிதம் வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. உள்ளூர்ப் பத்திரிகை தினமும் வெற்றி என்று எழுதியது. வெற்றி பெற்றவர்கள் ஏன் கடிதம் எழுதுவதில்லை என்று அக்கா ஒருமுறை என் மனைவியிடம் கேட்டாள்.

அந்த வருடத் தொடக்கத்தில் அவர்கள் வீட்டு மின்சார மீட்டரை ஏதோ ராணுவக் கட்டடத்துக்கு வேண்டும் என்று கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் வீட்டில் மீட்டர் இருந்தது, பல்பு இல்லை. கடையில் பல்பு கிடைக்காத காலம். ஒருநாள் அண்ணன் கைலி மடிப்பில் வைத்து இரண்டு பல்புகள் கொண்டுவந்தார்.

"கப்பல் பல்பு தம்பி. நூத்திப்பத்து வோல்ட். நம்ம வீட்டு கரெண்டுல போட்டா டப்புன்னு போயிரும்லா. ஆனா ரெண்டையும் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா மாட்டுனா எரியும்தானே? நீங்க படிச்சவரு, சொல்லுங்க."

பள்ளிக்கூடத்தில் படித்தது நினைவுக்கு வந்தது. எங்கள் மின்சாரம் இருநூற்று முப்பது வோல்ட். இரண்டு பல்புகளைத் தொடராக இணைத்தால் ஆளுக்குப் பாதி, நூற்றுப் பதினைந்து. தாங்கும். நான் சரி என்றேன். சுவரில் ஒரு செங்கல்லின் மூலையை உடைத்து இரண்டு கம்பிகளை அந்தப் பக்கம் விட்டோம். எங்கள் மீட்டரிலிருந்து வரும் மின்சாரம் என் சுவிட்சுக்குள் போய், என் பல்பைக் கடந்து, ஓட்டை வழியாக அவர்கள் பல்புக்குப் போய், திரும்பி வரும். மாதப் பில்லில் பாதி அவர் தருவார். முதல் மாலை இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் வெளிச்சம் வந்தபோது அக்கா ஓட்டை வழியாகச் சிரித்தாள். "யாழ்ப்பாணத்துக் கணக்கு தப்பாதுன்னு சொல்வாங்க, சரியாத்தான் இருக்கு" என்றாள்.

தொடர் இணைப்பு என்பதை எங்கள் கடைவீடுகளைக் கொண்டே சொல்லிவிடலாம். அந்த வீடுகள் குறுகி, நீண்டு கிடக்கும். முன் அறை, நடுவில் வானம் தெரியும் முற்றம், பின் அறை, சமையலறை. ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு கதவு. தெருவிலிருந்து சமையலறைக்குப் போகிறவன் எல்லாக் கதவையும் கடக்க வேண்டும். ஒரு கதவைத் தாழ்போட்டாலும் எவனும் எங்கும் போக முடியாது. எங்கள் இரண்டு விளக்குகளும் அப்படித்தான். என் பல்பு போனால் அவர்கள் வீடும் இருட்டு. அவர்கள் பல்பு போனால் நானும் இருட்டு. பக்க இணைப்பு வேறு. ஐந்தடி நடைபாதையும் தெருவும் பக்கத்தில் பக்கத்தில் போவதைப் போல. ஒன்றில் மாட்டுவண்டி நின்றாலும் மற்றதில் ஆள் நடப்பான்.

இவ்வளவு எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் ஆளுக்குப் பாதி என்ற கணக்கு எப்போதும் பாதியாகவே இருக்கும் என்று நம்பிவிட்டேன்.

வியாழக்கிழமை ஒன்பதரைக்கு விளக்கு மறுபடியும் கூடியது. ஒன்பதே முக்காலுக்கு அடங்கியது. வெள்ளிக்கிழமையும் அப்படியே. மின்சார நிலையத்தின் கோளாறு என்றால் ஊர் முழுவதும் கூட வேண்டும். சனிக்கிழமை சன்னல் துணியை விரல் அகலம் விலக்கிப் பார்த்தேன். தெருமுனைக் காவல் சாவடியின் விளக்கு அசையாமல் எரிந்தது. என் விளக்கு மட்டும் வெள்ளை வெளேர் என்றிருந்தது.

அப்படியானால் காரணம் சுவருக்கு அந்தப் பக்கம். அவர்கள் பல்பை அணைத்தால் என்னுடையதும் அணைய வேண்டும். அணையவில்லை. அவர்கள் பல்பின் இரு கம்பியும் ஒட்டிக்கொண்டால் இருநூற்று முப்பதும் என் பல்பின் தலையில் விழுந்து அது அப்போதே வெடித்திருக்கும். வெடிக்கவில்லை. மீதி இருப்பது ஒன்றுதான். பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே, அதன் பக்கத்தில் இன்னொரு பொருளை மாட்டுகிறார்கள். அந்தப் பக்கம் ஒரு கதவுக்குப் பதில் இரண்டு கதவு திறந்தால் கூட்டம் வேகமாக நகரும். அந்தக் கூட்டம் முழுவதும் என் ஒரே கதவின் வழியாகத்தான் முண்டிக்கொண்டு வந்தாக வேண்டும். நெருக்கடி என் வாசலில். என் விளக்கு ஏறத்தாழ நூற்று நாற்பத்தைந்தில் எரிந்தது. அவர்களுடையது எண்பத்தைந்தில் மங்கியிருக்கும். ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்துவிட்டு அந்தக் காகிதத்தை அடுப்பில் போட்டேன்.

தினமும் ஒரே நேரத்தில் பதினைந்து நிமிடம் மட்டும் மாட்டப்படும் பொருள் எது என்று கேட்க வேண்டிய தேவையே இல்லை. அந்த நேரத்தில் டில்லியிலிருந்து செய்தி வரும் என்பது ஊருக்குத் தெரியும். தெரியும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வெளிநாட்டு வானொலி கேட்டால் தலை போகும். எங்கள் அலுவலகத்தில் எனக்கு நான்காவது மேசையில் இருந்தவரை அதற்காகத்தான் கொண்டுபோனார்கள். அவருடைய குடை அலுவலக மூலையில் நின்றது. யாரும் அதை எடுக்கவில்லை, தொடவும் இல்லை.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் உறைத்தது. அந்த ரேடியோவும் கப்பலிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும், அதுவும் நூற்றுப்பத்து வோல்ட்டாகத்தான் இருக்கும். எங்கள் ஊர் மின்சாரத்தில் நேரே மாட்டினால் கருகிவிடும். மின்சாரத்தைப் பாதியாக்கிக் கொடுக்க நடுவில் ஒன்று வேண்டும். அந்த ஒன்று என் விளக்கு. வெளிச்சத்தைப் பங்கு போடவா அவர் கைலி மடிப்பில் பல்பு கொண்டுவந்தார், இல்லை இதற்காகவா? இன்றுவரை எனக்கு அதற்குப் பதில் தெரியாது. மீட்டர் என்னுடையது, பில் என் பெயரில், சுவிட்சு என் சுவரில். பிடித்தால் முதலில் என்னைத்தான் பிடிப்பார்கள்.

குண்டு விமானங்களுக்குப் பயந்து எல்லா வீட்டு விளக்குக்கும் கறுப்புத் துணி கட்ட உத்தரவு இருந்தது. எங்கள் விளக்கின் மேல் இரண்டாவது கறுப்புத் துணியைச் சுற்றினோம். பயன் இல்லை. எங்கள் முன் அறை நடைபாதைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. தரை வெறும் பலகை. பலகை இடுக்குகள் வழியாக வெளிச்சம் கீழே நடைபாதையில் கோடு கோடாக விழும். இருந்த ஒரே பாயை விரித்தோம். பாய்க்கு வெளியேயும் தரை இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை, பங்கீட்டு மரவள்ளிக்கிழங்கு வாங்கப் புறப்பட்டு நான் படி இறங்கும்போது தெருக் காவல் தலைவர் நடைபாதையில் நின்றார். சண்டைக்கு முன்னால் பாத்திரக் கடை வைத்திருந்தவர். இப்போது கையில் பட்டை கட்டியிருந்தார். எங்கள் வரிசையில் யார் வந்தார், யார் போனார் என்று மேலே சொல்வது அவர் வேலை. பேச்சில் எப்போதும் சிரிப்பு இருக்கும். அதுதான் பயம்.

"என்னா கிராணி, வீட்டுல கல்யாணமா?"

"இல்லையே. ஏன்?"

"ராத்திரி உங்க வீட்டு வெளிச்சம் கீழ விழுது. எண்ணிப் பாத்தேன். சாதாரணமா ஆறு கோடு. ஒன்பதரைக்கு மட்டும் பதினோரு கோடு. நீங்க கணக்கு எழுதுறவரு, நீங்களே சொல்லுங்கலா, அது என்னா ஒன்பதரைக்கு மட்டும்?"

"கரெண்டு ஏறி இறங்குது. எல்லா வீட்டிலும்தான்."

"எல்லா வீட்டையும் பாத்துட்டுத்தான் உங்ககிட்ட வர்றேன்." அவர் என் தோளில் தட்டினார். "பரவால்ல. அடுத்த தடவ நான் தனியா வரமாட்டேன். தெரிஞ்சவரு யாராச்சும் வந்து பாத்தா வெவரம் புரியும்."

கிழங்கு வாங்கும் வரிசையில் எனக்கு முன்னால் அண்ணன் நின்றார். சுற்றிலும் காதுகள். ரேடியோ என்ற சொல்லைச் சொல்ல முடியாது. அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லவும் முடியாது. அவர் வாசலில் நான் ஏறினால் அதுவும் எண்ணப்படும். நான் மெதுவாகச் சொன்னேன்.

"அண்ணே, எங்கட வீட்டில் விளக்கு கூட எரியுது. ஒன்பதரைக்கு."

அவர் திரும்பி ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு முகம் தளர்ந்தது.

"எரியட்டும் தம்பி. ரெண்டு வீட்டுலயும் எரியுதே, இந்தக் காலத்துல அது போதாதா?"

அன்று மாலை என் மனைவி ஓட்டை வழியாக அக்காவிடம் அதையே சொன்னாள். "அக்கா, எங்கட விளக்கு கூட எரியுது. கீழ இருக்கிறவர் கேக்கிறார்."

"அவரு கெடக்காரு. எரிஞ்சா எரியுதுன்னு சொல்லும்மா" என்றாள் அக்கா. "நல்லா எரியட்டும்."

என் மனைவி முகம் வெளுத்து என்னிடம் வந்தாள். "நான் சொல்லிப்போட்டன். எரியட்டாம். என்ன மனுசர் இவையள்?"

எனக்குக் கோபம் வந்தது. சொல்லியும் கேட்கவில்லை, தெரிந்தே செய்கிறார்கள், எங்களையும் சேர்த்துக் கொண்டுபோகிறார்கள் என்று நினைத்தேன். ஒன்பதரைக்கு நானே சுவிட்சை அணைத்துவிடலாமா என்று யோசித்தேன். அதுவும் ஒரு கணக்காகிவிடும். நேற்றுவரை அதே நேரத்தில் கூடியது, இன்றைக்கு அதே நேரத்தில் அணைகிறது என்று கீழே நிற்பவர் குறித்துக்கொள்வார். இன்னொன்றும் இருந்தது. கடந்த சில நாட்களாகக் காலையில் அக்காவின் முகத்தைப் பார்த்திருந்தேன். முந்திய மாதங்களில் இருந்த வெறிச்சோடிய பார்வை இப்போது இல்லை. எதற்கோ காத்திருக்கிறவளின் பார்வை வந்திருந்தது. அதை என் விரலால் அணைக்க எனக்கு மனம் வரவில்லை. அணைக்காமல் இருக்கவும் தைரியம் இல்லை. செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் ஒன்பதரை முதல் ஒன்பதே முக்கால் வரை சுவிட்சின் அருகிலேயே நின்றேன். என் பல்பின் கழுத்தில் கறுப்புப் படிந்துகொண்டு வந்தது. அளவுக்கு மேல் எரியும் பல்பு அப்படித்தான் சாகத் தொடங்கும்.

வெள்ளிக்கிழமை மழை இல்லை. ஒன்பதரைக்கு விளக்கு கூடியது. ஒன்பது முப்பத்தாறுக்குப் படியில் பூட்ஸ் சத்தம். பதினேழு படிகள். இரண்டு பேர், ஒருவர் பூட்ஸ், ஒருவர் செருப்பு. மனைவி கதவைத் திறந்தாள். காவல் தலைவர், அவருக்குப் பின்னால் ஜப்பானிய ராணுவப் போலீஸ்காரர் ஒருவர். வயது முப்பது இருக்கலாம். தொப்பியைக் கழற்றாமல் உள்ளே வந்து விளக்கையே பார்த்தார்.

விளக்கு அவருக்கு நேர் மேலே வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது.

"பாத்தீங்களா, நான் சொன்னேன்ல" என்று காவல் தலைவர் தமிழில் சொல்லிவிட்டு, மலாயில் அவருக்கு மறுபடி சொன்னார்.

நான் சுவரின் ஓட்டையைப் பார்த்தேன். இத்தனை பெரிய பூட்ஸ் சத்தம் அந்தப் பக்கம் கேட்கவில்லையா? பேச்சுச் சத்தம் கேட்கவில்லையா? விளக்கு ஏன் இன்னும் அடங்கவில்லை? செவிடர்களா இவர்கள்?

போலீஸ்காரரின் கண் பல்பிலிருந்து கம்பிக்குப் போனது. கம்பி வழியாக மெல்ல நகர்ந்து சுவருக்கு வந்தது. ஓட்டையில் நின்றது. அவர் ஓர் அடி எடுத்து வைத்தார்.

நான் சுவிட்சை அணைத்தேன்.

இரண்டு வீடும் ஒரே நேரத்தில் இருண்டன. யாரோ என் சட்டையைப் பிடித்தார்கள். கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. "சுவிட்சு சரியில்லை துவான், சுவிட்சுதான் ரோசாக், அதைக் காட்டத்தான்" என்று மலாயில் உளறினேன். இன்னோர் அறை. அதற்குள் காது முழுவதும் இரைச்சல். அந்த இரைச்சலுக்கு நடுவில் சுவருக்கு அந்தப் பக்கம் பலகை மேல் வெறுங்கால் விரையும் சத்தம். பிறகு தண்ணீர் மொண்டதைப் போல ஒரு சத்தம். அதற்குப் பின்னால் சின்னதாக ஒரு வெடிப்பு. சூடான கண்ணாடி பச்சைத் தண்ணீரில் பட்டால் வருமே, அந்தச் சத்தம்.

"என்னா அது?" என்றார் காவல் தலைவர்.

"பக்கத்து வீட்டு அக்கா பானையில் தண்ணி எடுக்கிறா" என்றாள் என் மனைவி. அவள் குரல் நடுங்கவே இல்லை. நாற்பது ஆண்டு வாழ்ந்த பிறகும் அந்தக் குரலை நான் வேறு ஒருமுறை கேட்டதில்லை.

போலீஸ்காரர் டார்ச்சைப் போட்டார். அதன் வட்டம் என் கைமேல் விழுந்தது. இனித் தாமதிக்க முடியாது. சுவிட்சைப் போட்டேன். விளக்கு வந்தது. கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். இமைக்குள் தெரிந்த சிவப்பை வைத்தே எனக்குப் புரிந்துவிட்டது. வெளிச்சம் பழைய அளவு. ஆளுக்குப் பாதி.

அவர்கள் ஓட்டையின் வழியாக அந்த வீட்டையும் பார்த்தார்கள், பிறகு இறங்கி ஏறி அங்கேயும் போனார்கள். எங்களையும் இழுத்துக்கொண்டு போனார்கள். அண்ணன் பனியனோடு எழுந்து நின்றார். மேசையில் ஒன்றும் இல்லை. மூலையில் மரமூடி போட்ட பெரிய தண்ணீர்த் தாழி. போலீஸ்காரர் அலமாரியைத் திறந்தார், படுக்கையைப் புரட்டினார், தாழியின் பக்கம் திரும்பினார். அக்கா அவருக்கு முன்னால் போய் மூடியைத் தானே எடுத்து, ஒரு கொட்டாங்குச்சி நிறையத் தண்ணீர் மொண்டு, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினாள். அவர் அந்தக் கருத்த தண்ணீரையும் அவளையும் பார்த்தார். வேண்டாம் என்று கையசைத்தார். அக்கா அதை மறுபடி தாழியில் ஊற்றி மூடினாள்.

கடைசியில் அவர் கண்ணில் பட்டது பல்புகள்தான். கழற்றிப் பார்த்தார். கப்பல் முத்திரை இருந்தது. எங்கே கிடைத்தது? அண்ணன் வாயைத் திறப்பதற்குள் நான் பசாரில் வாங்கியது என்றேன். கிடங்குக் கிராணி வீட்டில் கப்பல் பொருள் என்றால் அது திருட்டு. என் வீட்டில் என்றால் அபராதம். இரண்டு பல்பையும் எடுத்துக்கொண்டு, மறுநாள் சாவடிக்கு வா என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். காவல் தலைவர் வாசலில் திரும்பி, "சுவிட்ச மாத்துங்கலா, கிராணி" என்றார். அப்போது அவர் சிரிக்கவில்லை.

இருட்டில் நால்வரும் உட்கார்ந்திருந்தோம். நான் கேட்டேன்.

"பூட்ஸ் சத்தம் கேட்கவில்லையா அண்ணே?"

"எப்படிக் கேக்கும்? வெளிய சத்தம் போகக்கூடாதுன்னு காதுல மாட்டுறத வச்சிருந்தோம். என் காதுல ஒண்ணு, அவ காதுல ஒண்ணு, இன்னொரு காத கையால பொத்திக்கிட்டு. வெளக்கு அணைஞ்சிச்சு, காதுல சத்தம் நின்னுச்சு. அப்புறந்தான் உங்க வீட்டு சத்தமே கேட்டுச்சு."

"நான்தான் செவ்வாய்க்கிழமையே சொன்னேனே. விளக்கு கூட எரியுது என்று."

"ஆமா சொன்னீங்க. உங்க வெளக்குகூட எரியுதுன்னு. எங்க வெளக்கு அந்த நேரத்துல மங்கிப் போவும். ஒரே கம்பிதானே, உங்களுதும் மங்கும், அணைஞ்சே போயிருமோன்னு பயந்துக்கிட்டு இருந்தேன். நீங்க எரியுதுன்னு சொன்னீங்க. அப்பாடான்னு விட்டுட்டேன்."

என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். எங்களுக்குக் 'கூட' என்றால் அதிகம். விலை கூட, உப்புக் கூட என்போம். அவர்களுக்குக் 'கூட' என்றால் அதுவும் என்று பொருள். ஒரே சுவரில், ஒரே கம்பியில், ஒரே மொழியில், இரண்டு பேரும் ஒரு எழுத்தும் மாறாமல் சொல்லியும் செய்தி அந்தப் பக்கம் போய்ச் சேரவில்லை. விளக்கு அணைந்ததுதான் போய்ச் சேர்ந்தது.

அக்கா தாழியின் பக்கம் திரும்பினாள்.

"ரேடியோவுல பர்மான்னு சொன்னான் தம்பி" என்றாள். "ஆத்தோட பேரு ஒண்ணு சொன்னான். அந்த எடத்துல இருந்த நம்ம பசங்க, அப்படின்னு ஆரம்பிச்சான். அதுக்கு மேல கேக்கல."

தாழிக்குள் கிடந்த ரேடியோவை மறுநாள் அண்ணன் துண்டு துண்டாகக் கழற்றிக் கிழங்குத் தோலோடு கொண்டுபோய்க் கடலில் போட்டார்.

நான் சாவடியில் அபராதம் கட்டினேன். பிறகு சுங்கைப் பினாங்குப் பக்கம் ஒளித்து விற்கும் ஒருவனிடம் எங்கள் ஊர் வோல்ட்டுக்கே சரியான பல்புகள் இரண்டு வாங்கினேன். கொஞ்சம் புதுக் கம்பியும். இந்த முறை பக்க இணைப்பு. என் சுவிட்சுக்கு முன்னாலேயே கம்பியைப் பிரித்து, ஓட்டை வழியாக அவர்களுக்குத் தனிச் சுவிட்சு கொடுத்தேன். ஆளுக்கு ஆள் முழு இருநூற்று முப்பது. ஒருவர் விளக்கு மற்றவருக்கு ஒன்றும் சொல்லாது.

அக்கா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனி நீங்க அணைச்சாலும் எங்க வீட்டுல எரியுமா?"

"எரியும் அக்கா."

"அன்னைக்கே இப்படி வச்சிருந்தா, அவன் சொன்னத முழுசாக் கேட்டிருப்பேன்."

"அந்த ரேடியோ முழு வோல்ட்டில் கருகாமல் இருந்திருந்தால் கேட்டிருப்பீர்கள். பூட்ஸ் வந்தாலும் அந்தச் சத்தம்தான் கேட்டிருக்காது."

அவள் தலையசைத்தாள், ஒப்புக்கொண்டதாகத்தான் தெரிந்தது. ஆனால் அந்தப் பல்பை மாட்டவிடவில்லை. காகிதத்தில் சுற்றியபடியே அலமாரியில் வைத்துவிட்டு, கிடைத்த எண்ணெயில் அகல் ஏற்றிக்கொண்டாள். என் வீட்டில் வெளிச்சம் ஒரே அளவில் எரிந்தது. ஓட்டைக்கு அந்தப் பக்கம் இருட்டில் ஒரு சின்ன மஞ்சள் அசைந்தது. அதைப் பார்த்துப் பார்த்து என் மனைவி கடைசியில் ஓட்டையில் ஒரு துணியைச் சொருகினாள்.

சண்டை முடிந்த மறு ஆண்டு பர்மாவிலிருந்து திரும்பிய ஒருவர் வந்து சொன்னார். பையன் மே மாதமே காய்ச்சலில் போய்விட்டான். அதாவது எங்கள் விளக்கு முதன்முறை கூடி எரிந்ததற்கு முன்னாலேயே. அந்த இரவு வானொலிக்காரர் எதைச் சொல்லி முடித்திருந்தாலும் அவனுக்கு ஒன்றும் மாறியிருக்காது. நான் இதை அக்காவிடம் கணக்காக, தேதி தேதியாக எடுத்துச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள்.

"இருக்கலாம்" என்றாள். "ஆனா அவன் வேற ஏதோ சொல்ல வந்தான்."

இப்போது நான் மகள் வீட்டில் இருக்கிறேன். எந்த விளக்காவது கொஞ்சம் கூடவோ குறையவோ எரிந்தால் எழுந்து போய்ச் சுவிட்சின் பக்கத்தில் நிற்கிறேன். மகள் கோபித்துக்கொள்கிறாள். மின்சார பில்லைக் காட்டி, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது அப்பா என்கிறாள். கூட்டிப் பார்ப்பது என் பழக்கம் என்று அவளுக்குத் தெரியும். ஆகவே அதையும் எழுதிவிடுகிறேன். வாழைமரம் அச்சடித்த ஜப்பான் நோட்டில், அபராதம் நூறு வெள்ளி, பல்பு ஒன்று எண்பத்தைந்தாக இரண்டுக்கு நூற்றெழுபது, அதில் ஒன்று எரியவே இல்லை, கம்பிக்கு எட்டு. ஆக மொத்தம் இருநூற்று எழுபத்தெட்டு வெள்ளி.